போத்தல் கணக்கும் பாதக் கணக்கும்: தெல்தோட்டையிலிருந்து மீள்சுழற்சிப் பாதணிகளை நோக்குதல்

பத்துப் பிளாஸ்டிக் பைகளும் பன்னிரண்டு போத்தல்களும் சேர்ந்தால் ஒரு சோடி சப்பாத்து. 2021இல் இந்தியரான ஆஷய் பாவே தொடங்கிய ‘தேலி’ நிறுவனம் தன் பொருளை இந்தக் கணக்கோடுதான் உலகுக்கு அறிமுகம் செய்தது. நிறுவனருக்கு அப்போது வயது 23. கணக்கு எளிமையானது, தலைப்புச் செய்திக்குப் பொருந்தியது, இந்திய நாளிதழ்கள் கொண்டாடின. அதற்கு ஆறு ஆண்டுகள் முன்பே, 2015இல், அடிடாஸ் ‘பார்லி’ அமைப்போடு சேர்ந்து கடலோரப் பிளாஸ்டிக்கிலிருந்து சப்பாத்து செய்யத் தொடங்கியிருந்தது. அமெரிக்காவின் ‘ரொத்தீஸ்’ போத்தல் நூலில் பெண்களின் சப்பாத்துகளைப் பின்னி விற்றது. எல்லோரும் பேசிய மொழி ஒன்றே: ஒரு சோடிக்கு இத்தனை போத்தல்.

அந்த எண் எதை அளக்கிறது என்பதே இக்கட்டுரையின் கேள்வி. சோடிக்குள் போன போத்தல்களின் எண்ணிக்கை, ஒரு பாதணி சூழலுக்கு உகந்ததா என்று தீர்ப்பதற்குப் போதுமா? போதாதென்றால் அந்த இடத்தில் வேறு எந்த அளவுகோலை வைப்பது? இதைக் கண்டி மாவட்டத்தின் தெல்தோட்டையில் நின்று கேட்கிறேன். பெருநகரின் குளிரூட்டிய கடையில் நின்று கேட்டால் கேள்வி ‘எதிலிருந்து செய்தது?’ என்பதோடு முடிந்துவிடும். மலைச்சரிவில் நின்று கேட்கும்போது இன்னும் இரண்டு கேள்விகள் சேர்கின்றன: யார் அணிவது? தேய்ந்தபின் எங்கே போவது?

1. வெறுங்காலின் வரலாறு

தெல்தோட்டை கண்டியின் தென்கிழக்கே, கலஹாவுக்கு அப்பால் உள்ள சிறுநகர். தோட்டத் தமிழரும் முஸ்லிம் வணிகரும் சிங்களக் கிராமத்தவரும் ஒரே கடைத்தெருவைப் பகிர்ந்துகொள்ளும் ஊர். ஜேம்ஸ் டெயிலர் 1867இல் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்ட லூல்கந்துர தோட்டம் இந்த மலைகளில்தான் இருக்கிறது. இலங்கைத் தேயிலையின் வரலாற்றை எழுதியவர்கள் டெயிலரை விடாமல் குறிப்பிடுவார்கள். அவருடைய மலையில் ஏறி இறங்கிய கால்களில் என்ன இருந்தது என்று எழுதியவர்கள் சொற்பம். பெரும்பாலும் ஒன்றும் இருக்கவில்லை.

அதன் விலை மருத்துவ ஆவணங்களில் பதிந்திருக்கிறது. கொக்கிப்புழுவின் குடம்பி ஈரமண்ணிலிருந்து பாதத்தின் தோலைத் துளைத்து உடலுக்குள் நுழைந்து, குடலைப் பற்றி இரத்தம் குடிக்கிறது. தோட்டத் தொழிலாளரின், குறிப்பாகப் பெண்களின், இரத்தச்சோகைக்கு அது பெருங்காரணம். ரொக்பெல்லர் நிறுவனம் 1916இல் இலங்கைத் தோட்டங்களில் கொக்கிப்புழு ஒழிப்பைத் தொடங்கியது. அதன் முதன்மை ஆயுதங்கள் மருந்தும் மலசலகூடமும். இந்த இயக்கத்தைக் காலனியப் பின்னணியில் வைத்து விரிவாக ஆராய்ந்தவர் சோம ஹேவா. உழைப்பாளியின் உடல்நலத்தைத் தோட்டத்தின் வருமானக் கணக்கோடு சேர்த்தே அந்தக் காலம் பார்த்தது என்பதை அவருடைய ஆய்வைப் படிப்பவர் உணரலாம். குடம்பிக்கும் தோலுக்கும் நடுவே ஒரு தடுப்பு வைப்பதற்கு, அதாவது ஒரு சோடி செருப்புக்கு, அந்தக் கணக்கில் பெரிய இடமிருக்கவில்லை.

செருப்பு தமிழ்ச் சமூகத்தில் வெறும் வசதிப் பொருளாகவும் இருந்ததில்லை. தென்னிந்தியக் கிராமங்களில் ஒடுக்கப்பட்ட சாதியினர் மேல்சாதித் தெருவில் செருப்போடு நடக்க முடியாதிருந்தது. அந்தக் கிராமங்களிலிருந்து கப்பலேறி வந்தவர்களே தோட்டங்களை நிரப்பினார்கள். மலையகத்தில் பாதணி பற்றிப் பேசும் எவரும் இந்த இரட்டைச் சுமையை, சாதி மறுத்ததையும் தோட்டம் கொடுக்காததையும், தாண்டிப் போக முடியாது. ‘நிலைத்த’ பாதணி என்ற உலகளாவிய உரையாடல், எல்லோர் காலிலும் ஏற்கெனவே தேவைக்கு மேல் சப்பாத்துகள் இருப்பதாக எடுத்துக்கொண்டு தொடங்குகிறது. இங்கே அந்தத் தொடக்கம் பொருந்தாது.

இன்று வெறுங்கால் அரிதாகிவிட்டது. ‘பாட்டா’வும் பிளாஸ்டிக் சப்பாத்தும் வந்துவிட்டன. தேயிலை மலை ஒரு பாதணியிடம் கேட்பவை கடுமையானவை: ஈரப்பாறையில் வழுக்கக் கூடாது, சேற்றைக் கழுவினால் போக வேண்டும், ஓரிரவில் உலர வேண்டும், வார் அறுந்தால் மாற்ற வேண்டும், நாட்சம்பளத்துக்குள் அடங்க வேண்டும். பின்னிய மேற்பகுதி கொண்ட ஓட்டச் சப்பாத்து இவற்றில் முதல் மழையிலேயே தோற்கும்.

2. போத்தல் நூலாகும் வழி

தண்ணீரும் மென்பானமும் வரும் போத்தல்கள் ‘பெட்’ என்ற பிளாஸ்டிக்கால் ஆனவை. சேகரித்த போத்தல்களை நிறம் பிரித்து, சிறு செதில்களாக அரைத்து, காரம் கலந்த சுடுநீரில் கழுவுகிறார்கள். பெட் தண்ணீரைவிட அடர்த்தியானது, ஆகவே தொட்டியில் அடியில் தங்குகிறது. மூடிகள் செய்யப்பட்ட பொலிபுரொப்பிலீனும் பொலித்தீனும் மேலே மிதக்கின்றன. இந்த எளிய பௌதிக வேறுபாடுதான் முழுத் தொழிலையும் தாங்குகிறது. அடித்தங்கிய செதில்களை நன்றாக உலர்த்தி, 250 பாகை செல்சியசுக்கு மேல் உருக்கி, நுண்துளைகள் வழியே இழுத்தால் பொலியெஸ்டர் இழை. சிறிதளவு ஈரம் எஞ்சியிருந்தாலும் மூலக்கூற்றுச் சங்கிலிகள் அறுந்து இழையின் பலம் குறையும். ஓரிரு பி.வி.சி. துண்டுகள் தவறிக் கலந்தாலே ஒரு தொகுதி மஞ்சளித்துக் கெடும்.

இலங்கையில் இந்தத் தொழில்நுட்பம் கனவுநிலையில் இல்லை. ஹொரணையில் இயங்கும் ‘ஈகோ ஸ்பிண்டில்ஸ்’ போத்தல்களிலிருந்து துடைப்ப இழையும் ஆடை நூலும் செய்கிறது. 2019 கிரிக்கெட் உலகக் கிண்ணத்தில் இலங்கை அணி அணிந்த, கடலாமை உருவம் பொறித்த சீருடையைக் கடலோரப் பிளாஸ்டிக்கிலிருந்து ‘மாஸ்’ நிறுவனம் தயாரித்ததைப் பலர் நினைவில் வைத்திருப்பார்கள். ஆகவே ‘நம்மால் முடியுமா?’ என்ற கேள்வி தீர்ந்துவிட்டது. சப்பாத்தின் மேற்பகுதியைப் பின்னத் தேவையான நூல் இந்நாட்டிலேயே சுற்றப்படுகிறது.

ஆனால் அளவைப் பாருங்கள். அரை லீற்றர் போத்தல் ஒன்று ஏறக்குறைய 15 கிராம் என்று கொண்டால், சோடிக்குப் பன்னிரண்டு போத்தல் வீதம் ஆயிரம் சோடிக்கு 12,000 போத்தல்கள், அதாவது 180 கிலோ பெட் போதும். நூற்பு ஆலை தொன் கணக்கில் உண்கிறது. 180 கிலோ அதற்கு ஒருவாய்ச் சோறு. தெல்தோட்டையில் ஒரு சப்பாத்துப் பட்டறை தொடங்கினால் ஊரின் குப்பை தீர்ந்துவிடும் என்று யாராவது சொன்னால், இந்த எண்ணை அவர் முன் வைக்கலாம். பட்டறையால் கிடைப்பது வேலைவாய்ப்பு. அது தன்னளவிலேயே நியாயமான காரணம். குப்பையின் பெயரை அதற்கு இரவல் வாங்க வேண்டியதில்லை.

3. எண் மறைப்பவை

சப்பாத்தின் சூழற்சுமை எங்கே இருக்கிறது என்பதை முழுமையாக அளந்த ஆய்வுகள் அதிகமில்லை. அவற்றில் முதன்மையானது அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவகத்தின் ஆய்வாளர்கள் 2013இல் வெளியிட்டது. ஒரு சோடி ஓட்டச் சப்பாத்தில் 65 தனித்தனிப் பாகங்கள் உள்ளன, அவற்றை ஒன்றாக்க 360 செயற்படிகள் தேவைப்படுகின்றன, சுமார் 14 கிலோ கரியமில வாயுவுக்குச் சமமான வெளியேற்றம் நிகழ்கிறது என்று அவர்கள் கணித்தார்கள். முக்கியமானது அதன் பங்கீடு. மூலப்பொருள்களின் பங்கு சுமார் 29 சதவீதம். மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் தொழிற்சாலையில் உண்டாகிறது: சிறுசிறு துண்டுகளை வெட்டுவது, வார்ப்பது, தைப்பது, ஒட்டுவது, அதற்கு நிலக்கரி மின்சாரத்தில் ஓடும் இயந்திரங்கள்.

இதைப் போத்தல் கணக்கோடு சேர்த்துப் படித்தால் படம் மாறுகிறது. போத்தல் நூல், புதிய பொலியெஸ்டரைவிடக் குறைந்த ஆற்றலில் கிடைக்கிறது என்பது உண்மை. ஆனால் அது தொடுவது மேற்பகுதியின் துணியை; துணி மூலப்பொருளில் ஒரு பகுதி; மூலப்பொருள் மொத்தச் சுமையில் மூன்றில் ஒன்றுக்கும் கீழே. பன்னிரண்டு போத்தல் என்ற எண் இந்தச் சிறு பகுதியைப் பெரிதாக்கிக் காட்டி, மீதியைக் கண்ணுக்கு மறைத்துவிடுகிறது. அந்த ஆய்வு எடுத்துக்கொண்டது ஒரு நிறுவனத்தின் ஒரே மாதிரியை; எல்லாப் பாதணிக்கும் அதே விகிதம் பொருந்தும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. இரண்டு மூன்று பாகங்களே கொண்ட இறப்பர்ச் செருப்பில் தொழிற்சாலையின் பங்கு நிச்சயம் குறைவாக இருக்கும். இந்த வரம்பும்கூட நம் கேள்விக்கு ஒரு விடைதான்: பாகங்கள் குறையக் குறையச் சுமையும் குறைகிறது.

மின்சாரமும் கணக்கில் வர வேண்டும். தெல்தோட்டை மலைகளின் மழை மகாவலியைச் சேர்கிறது. மகாவலி விக்டோரியா அணையில் 210 மெகாவாட் வரை மின்னுற்பத்தி செய்கிறது. நுரைச்சோலை அனல்மின் நிலையத்தில் நிலக்கரியையும் நாடு எரிக்கிறது, மறுக்கவில்லை. ஆனாலும் நீர்மின் கலந்த வலையமைப்பில் தைக்கும் சப்பாத்துக்கும் நிலக்கரியை மட்டும் நம்பிய ஆலையில் தைக்கும் சப்பாத்துக்கும் வேறுபாடு உண்டு. எந்த விளம்பரத்திலும் இந்த வேறுபாட்டைக் காண முடியாது.

மறைந்திருக்கும் இன்னொன்று அடிப்பகுதி. பெரும்பாலான சப்பாத்துகளின் அடி ஈ.வி.ஏ. நுரை, பொலியூரித்தேன், வன்கனிமமாக்கிய இறப்பர் ஆகியவற்றில் ஒன்றாகவோ கலவையாகவோ இருக்கும். குறுக்கிணைப்பு ஏற்றிய ஈ.வி.ஏ.யையும் கந்தகம் சேர்த்துச் சுட்ட இறப்பரையும் மீண்டும் உருக்க முடியாது. பொலியூரித்தேன் ஈரக்காற்றில் தானாகவே சிதையும். கண்டிப் பக்கத்தில் அலுமாரிக்குள் பத்திரமாக வைத்த சப்பாத்தை ஒரு கல்யாணத்துக்காக எடுத்துப் போட்டால் அடி பொடியாக உதிர்வது பலருக்கும் தெரிந்த சங்கதி. மேலே மீள்சுழற்சி நூல், கீழே மீளாத நுரை, நடுவே பிரிக்க முடியாத பசை: விளம்பரத்தில் வரும் பெரும்பாலான சோடிகளின் கட்டமைப்பு இதுதான்.

நடக்கும்போதும் கழிவு உண்டாகிறது. ஜெர்மனியின் பிரான்ஹோபர் ‘உம்சிக்ட்’ நிறுவகம் 2018இல் வெளியிட்ட மதிப்பீட்டில், சப்பாத்தடித் தேய்வு மட்டும் ஆண்டுக்கு ஓர் ஆளுக்கு சுமார் 109 கிராம் நுண்பிளாஸ்டிக்காகச் சூழலில் கலக்கிறது என்று கணித்தது. நடைபாதை நகரங்களைக் கொண்ட நாட்டின் எண்ணை அப்படியே நம் மலைப்பாதைக்குக் கொண்டுவர முடியாது. ஒப்பீட்டுக்காக மட்டும் சொன்னால், 109 கிராம் என்பது மேலே எடுத்துக்கொண்ட எடையில் ஏழு போத்தல். சப்பாத்துக்குள் போன போத்தல்களை எண்ணுகிற நாம் அதன் அடியிலிருந்து தூளாக வெளியேறுவதை எண்ணுவதில்லை.

4. திரும்பி வராத சோடிகள்

உலகில் 2019இல் ஏறத்தாழ 2,400 கோடி சோடி பாதணிகள் உற்பத்தியாயின. அவற்றுள் மீண்டும் பாதணியாகத் திரும்புபவை மிகச் சிலவே. நைக்கி 1990களிலிருந்தே பழைய சப்பாத்துகளைச் சேகரித்து அரைத்து விளையாட்டுத் திடல்களுக்கு விரிப்பாக்கி வருகிறது. அதைப் பயனற்றது என்று சொல்லமாட்டேன். ஆனால் சப்பாத்து திடலாகும்போது அந்தப் பொருளின் தரம் ஒரு படி இறங்குகிறது. திடலிலிருந்து அடுத்த படி குப்பைமேடுதான்.

சிங்கப்பூர் அனுபவம் இன்னும் கசப்பானது. பழைய சப்பாத்துகளை அரைத்து ஓடுபாதைகளாகவும் சிறுவர் பூங்காக்களாகவும் ஆக்குவதாக அறிவித்த ஒரு திட்டத்தின் சேகரிப்புப் பெட்டிகளில், ரொய்ட்டர்ஸ் செய்தியாளர்கள் இருப்பிடம் காட்டும் கருவிகளை ஒளித்து வைத்து 11 சோடிகளைப் போட்டார்கள். 2023 பெப்ரவரியில் வெளியான அவர்களது அறிக்கையின்படி ஒரு சோடிகூட ஓடுபாதையாகவில்லை. பழைய பொருள் ஏற்றுமதியாளர் கைக்குப் போய், சில இந்தோனேசியச் சந்தைகளில் விலைபேசப்பட்டுக் கொண்டிருந்தன. பழைய சப்பாத்தை ஓர் ஏழை வாங்கி அணிவதில் தவறென்ன என்று கேட்கலாம். நியாயமான கேள்வி, அணிவது அரைப்பதைவிட மேல் என்றுகூட நான் வாதிடுவேன். அங்கே நடந்த தவறு வேறு. ஒன்றைச் சொல்லி மக்களிடம் வாங்கி, வேறொன்று செய்யப்பட்டது. யாரும் பின்தொடராதவரை மீள்சுழற்சி என்பது வெறும் சொல்லாகவே இருக்க முடிந்தது.

இதற்கு வடிவமைப்பில் விடை தேடிய முயற்சிகளும் உண்டு. அடிடாஸ் 2019இல் காட்டிய ‘பியூச்சர்கிராப்ட் லூப்’, அடி, மேல், நாடா அனைத்தும் டி.பி.யூ. என்ற ஒரே பிளாஸ்டிக்கால், பசையின்றிச் செய்யப்பட்டது. திருப்பி வாங்கி, அரைத்து, மறுபடி அதே பொருளாக்கலாம். பொறியியலாக அழகான யோசனை. ஆனால் அது நிறுவனத்தின் திருப்பி வாங்கும் வலையமைப்பை நம்பி நிற்கிறது. அந்த வலையமைப்பு தெல்தோட்டைவரை நீளாது.

5. வேறு வழிகளின் எடை

‘ஹோ சி மின் செருப்பு’ என்று வியட்நாமில் பேர்பெற்ற டயர்ச் செருப்பு உருக்குவதில்லை, கழுவுவதில்லை, நூற்பதில்லை. லொறி டயரை வெட்டி வார் கோத்தால் முடிந்தது. ஆற்றல் செலவு கத்திக்குத்தான். கிழக்கு ஆபிரிக்காவிலும் இந்தியாவிலும் இதே வகை பல தலைமுறையாக உண்டு. நூற்பு ஆலைகளும் விருதுகளும் வருவதற்கு முன்பே, இல்லாதவர்கள் மீள்பாவனையைச் செய்துகொண்டுதான் இருந்தார்கள். கனம், வெப்பம், வெட்டுக்குள் தெரியும் கம்பி போன்ற குறைகள் அதற்கு உண்டு. பாடசாலைப் பிள்ளை அதை அணிந்து போக வெட்கப்படும் என்பதும் குறைதான், அதைச் சிறிதாக எண்ணக் கூடாது.

மும்பையின் ‘கிரீன்சோல்’ இன்னொரு வழி. இரண்டு ஓட்டவீரர்கள் தொடங்கிய அந்த அமைப்பு, தேய்ந்த விளையாட்டுச் சப்பாத்துகளின் நல்ல அடிப்பகுதியை எடுத்து வாரிட்டுச் செருப்பாக்கி, வசதியற்ற பிள்ளைகளுக்குக் கொடுக்கிறது. உருக்க முடியாத நுரையை உருக்காமலே மறுபடி காலுக்குக் கொண்டுவரும் இந்த உத்தி, போத்தல் நூலைவிடப் புத்திசாலித்தனமானது என்பது என் கணிப்பு.

மலிவான மீள்சுழற்சி பி.வி.சி. பற்றி எச்சரிக்கை வேண்டும். பி.வி.சி.யை மீண்டும் உருக்கி அச்சில் ஊற்றலாம், சிறு பட்டறையே போதும், ஆகவே கவர்ச்சியானது. ஆனால் பழைய மின்வடத்தின் உறையில் ஈயம் கலந்த நிலைப்படுத்திகள் இருக்கலாம், மென்மைக்காகச் சேர்த்த தாலேட்டுகள் தோலுக்கு இடம்பெயரலாம். சுவீடனின் இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் 2009இல் பல நாடுகளில் வாங்கிய பிளாஸ்டிக் பாதணிகளைச் சோதித்தபோது பலவற்றில் தாலேட்டுகள் காணப்பட்டன. சூழலைக் காக்கும் பெயரில் பிள்ளையின் பாதத்தில் நஞ்சைக் கட்டிவிடக் கூடாது. மூலம் தெரியாத பி.வி.சி.யைப் பாதணிக்கு எடுப்பதைத் தடுப்பதே நேர்மை.

விலையையும் சொல்லியாக வேண்டும். தேலியின் சோடி சுமார் 100 டொலருக்கு விற்றது. 2021இன் உத்தியோகபூர்வ நாணய மாற்று வீதத்தில் அது ஏறத்தாழ 20,000 ரூபாய். அதே ஆண்டு மார்ச்சில் தோட்டத் தொழிலாளரின் குறைந்தபட்ச நாட்சம்பளம் 1,000 ரூபாயென வர்த்தமானியில் வந்தது. இருபது நாட்கள் கொழுந்து பறித்தால் ஒரு சோடி. தோட்டத்துக்காகச் செய்த பொருளல்ல அது என்பதால் நிறுவனத்தைக் குறைசொல்ல இதைச் சொல்லவில்லை. போத்தல் கணக்கு கால்களின் கணக்கைக் கேட்பதில்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

6. எந்தக் குப்பை, யாருடைய குப்பை

தேலியின் கணக்கில் எல்லோரும் போத்தலைப் பார்க்கிறார்கள். எனக்கு அந்தப் பத்துப் பைகளே முக்கியமாகப் படுகின்றன. தெளிந்த பெட் போத்தலுக்குச் சந்தையில் விலை உண்டு. பழைய இரும்பும் போத்தலும் வாங்குபவர் அதைத் தேடி வருகிறார். சப்பாத்து கேட்காவிட்டாலும் நூலோ மறுபடி போத்தலோ கேட்கும். ஓடையில் கிடப்பது யாரும் வாங்காதவை: ஷொப்பிங் பை, லன்ச் ஷீற், பிஸ்கட் உறை, ஷாம்பு சாஷே. பைகளை அடுக்கி வெப்ப அழுத்தத்தில் ஒட்டித் தோல்போன்ற தாளாக்கும் தேலியின் முறைக்கு நூற்பு ஆலை தேவையில்லை. பொலித்தீன் பெட்டைவிட மிகக் குறைந்த வெப்பத்தில் இளகும். கிராமப் பட்டறைக்கு எட்டுகிற தொழில்நுட்பம் இதுவே. ஆனால் பல படலங்களை ஒட்டிச் செய்த சாஷேயும் பிஸ்கட் உறையும் இதற்குள்ளும் வராது. அவற்றைத் தடுப்பது உற்பத்தியாளரின் வாசலில்தான் முடியும்.

அரசு அந்தப் பாதையில் சில அடிகள் வைத்திருக்கிறது. 2017 ஏப்ரலில் மீதொட்டமுல்லைக் குப்பைமேடு சரிந்து 32 பேர் மாண்ட பின், அதே ஆண்டு செப்டெம்பரில் லன்ச் ஷீற்றும் சில வகைப் பைகளும் தடைசெய்யப்பட்டன. 2021இல் 20 மில்லிலீற்றருக்குட்பட்ட சாஷேக்களும் 2023இல் உறிஞ்சுகுழல், கரண்டி, இடியப்பத் தட்டு முதலானவையும் தடைப்பட்டியலில் சேர்ந்தன. பட்டியல் நீள்கிறது, கடைத்தெருவில் நடந்து பார்த்தால் அமலாக்கம் அந்த வேகத்தில் நீளவில்லை என்று தெரியும். கண்டி நகரின் குப்பை மகாவலிக் கரையிலுள்ள கொஹாகொடவில்தான் நெடுங்காலம் மலையாகக் குவிந்தது.

தோட்டக் குப்பைக்குத் தனிக்கதை உண்டு; பாதணி பற்றிய உரைகளில் அது வருவதேயில்லை. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, சபையின் நிதியைத் தோட்டங்களுக்குச் செலவிடத் தடையாக இருந்தது. தோட்டத்து லய வீடுகளில் வாழ்ந்தவர்கள் வாக்களித்தார்கள். வீதியும் விளக்கும் குப்பை வண்டியும் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. 2018இல் சட்டம் திருத்தப்பட்டது. முப்பது ஆண்டுகளாகக் குப்பை வண்டி வராத இடத்தில் பிளாஸ்டிக்கை எரிப்பதும் சரிவில் கொட்டுவதும் தவிர வேறென்ன நடக்கும்? மலையகத்தவரின் ‘பழக்கத்தை’ மாற்ற வேண்டுமென்று பேசுகிற விழிப்புணர்வுக் கூட்டங்கள் இந்தச் சட்டப்பிரிவை ஒருமுறை வாசித்துவிட்டுத் தொடங்கலாம். போத்தலிலிருந்து சப்பாத்துவரையான சங்கிலியின் முதற்கண்ணி சேகரிப்பு. அந்தக் கண்ணியே தோட்ட எல்லையில் சட்டத்தால் அறுபட்டிருந்தது.

7. பாடசாலைச் சப்பாத்து என்ற வாய்ப்பு

மேலே எடுத்த அளவுகோல்களை ஒன்றாக வைத்தால், ஒரு பொருள் தனித்துத் தெரிகிறது: பிள்ளைகளின் வெள்ளைப் பாடசாலைச் சப்பாத்து. மலையில் வேலைக்குப் போடுவது அல்ல, ஆகவே துணி மேற்பகுதி அதற்குப் பொருந்தும். நாடு முழுவதும் ஏறக்குறைய ஒரே வடிவம், ஒரே நிறம். தெளிந்த போத்தலின் நூலுக்கு வெண்மை எளிது. கால் வளர்வதால் அநேகமாக ஆண்டுக்கு ஒன்று. முற்றாகத் தேயும் முன்பே சிறிதாகிவிடுகிறது. அணிபவர்கள் எல்லோரும் நாள்தோறும் கூடும் ஓர் இடம் உண்டு. சேகரிப்புக்கு இதைவிட நல்ல மையம் எந்த நிறுவனத்துக்கும் கிடைக்காது.

வாங்குபவராக அரசே நிற்கிறது என்பது இன்னும் பெரிய வசதி. 2022 பொருளாதார நெருக்கடியில் சப்பாத்து விலை ஏறிப் பிள்ளைகள் செருப்போடு பாடசாலைக்குப் போக நேர்ந்த பின், 250க்கும் குறைந்த மாணவர் கொண்ட பாடசாலைகளின் பிள்ளைகளுக்குக் கல்வி அமைச்சு 2024இல் 3,000 ரூபாய்ச் சப்பாத்து வவுச்சர் வழங்கியது. மலையகத்தின் பல சிறு பாடசாலைகள் இந்த வரம்புக்குள் வருபவை. பொதுப்பணம் செலவாகும் இடத்தில் தர நிபந்தனை வைக்க அரசுக்கு உரிமையும் கடமையும் உண்டு.

என்ன நிபந்தனை? போத்தல் எண்ணிக்கை வேண்டாம். அடியும் மேலும் பசையின்றித் தையலால் இணைந்திருக்க வேண்டும் என்பது முதலாவது. தைத்ததைப் பிரிக்கலாம், புது அடி போடலாம். தெருமுனையில் செருப்புத் தைப்பவருக்கு வேலை உண்டு. அடி இயற்கை இறப்பராக இருக்க வேண்டும் என்பது இரண்டாவது. 1876இல் கியூவிலிருந்து வந்த கன்றுகள் கம்பஹாவின் ஹெனரத்கொடவில் நடப்பட்ட நாளிலிருந்து இந்நாட்டில் இறப்பர் இருக்கிறது. அகலவத்தையில் அதற்கென ஆராய்ச்சி நிறுவகம் இருக்கிறது. இறப்பரடியும் தேயும், அதில் சேர்க்கும் துத்தநாகம் முதலியவையும் மண்ணில் சேரும். குறையில்லாத பொருள் என்று எதையும் நான் முன்வைக்கவில்லை. ஆனால் அது மலிந்த நுரையைவிட நெடுநாள் உழைக்கும், ஈரத்தில் பொடியாகாது.

தையல் கூலி விலையை ஏற்றும் என்பது வலுவான மறுப்பு. பசையும் அச்சும் மலிவு என்பதால்தான் உலகம் அவற்றுக்கு மாறியது. ஏறும் விலையை இரண்டு பிள்ளைகள் அணியும் ஒரு சோடியால் ஈடுகட்டலாம் என்பது என் வாதம். அக்காவுக்குச் சிறிதான சப்பாத்து கழுவிப் புது அடியோடு தம்பிக்குப் போவது தோட்ட வீடுகளுக்குப் புதிதல்ல. அதை வறுமையின் அடையாளமாக விடாமல் ஒரு முறையாக ஆக்கலாம். ஆயுள் இரட்டித்தால் அந்தச் சோடியின் ஆண்டுச் சுமை பாதியாகிறது. எத்தனை போத்தல் சேர்த்தாலும் மேற்பகுதித் துணியால் இந்தப் பாதியைத் தர முடியாது.

ஆகவே கல்வி அமைச்சுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த வவுச்சர்ச் சுற்றறிக்கையில் ஒரு வரி சேருங்கள்: வவுச்சரை ஏற்கும் கடை, பிள்ளை கொண்டுவரும் பழைய சோடியைத் திருப்பி எடுத்துக்கொள்ள வேண்டும், எடுத்ததை எங்கே அனுப்பியது என்று பாடசாலைக்கு எழுத்தில் அறிவிக்க வேண்டும். அதற்குப் புதிய ஆலை வேண்டாம், வெளிநாட்டுக் கடன் வேண்டாம்.